நாற்பத்தொன்பதாவது காற்று

“நான் செய்தது சரியா, தப்பா? அதை மட்டும் சொல்,” என்றான் அவன்.

சடைச்சி நிமிர்ந்து பார்த்தாள். களத்தின் ஓரத்தில் பனையுயரத்துக்கு ஒரு புழுதி நின்று சுழன்றுகொண்டிருந்தது. அதற்குத் தலை இருந்தது. தோள் இருந்தது. சருகும் வைக்கோலும் சேர்ந்து முகம்போல ஒன்றும் இருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் துடைப்பத்தைத் தூக்கிக் காட்டியிருப்பாள். இல்லாவிட்டால் மூன்று முறை துப்பிவிட்டு ஓடியிருப்பாள். சுழன்று வரும் புழுதியைக் கண்டால் அந்தச் சீமையில் அதுதான் வழக்கம்.

சடைச்சி இரண்டையும் செய்யவில்லை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி. நெல்லுல மண்ணு விழுது.”

அவன் தள்ளி நின்றான். நின்ற பிறகுதான், தான் தள்ளி நின்றது அவனுக்கே உறைத்தது. இந்திரன் சொல்லியே நகராதவன் அவன்.

*

அவனுடைய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சொல்கிறவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

தாய் திதியின் வயிற்றில் ஒரே பிள்ளையாக இருந்தான். இந்திரனை வெல்ல ஒரு மகன் வேண்டும் என்று அவள் நோன்பிருந்து சுமந்த கரு. இந்திரனுக்கு அது தெரிந்துபோயிற்று. அவள் அசந்து கண்மூடிய வேளையில் உள்ளே புகுந்து கருவை ஏழாக வெட்டினான். ஏழும் அழுதன. ஒவ்வொன்றையும் மறுபடி ஏழாக வெட்டினான்.

நாற்பத்தொன்பது துண்டும் உயிரோடு பிறந்தன. காற்றை வெட்டினால் சாகாது என்பது அதுவரை இந்திரனுக்குத் தெரியாது.

இதற்குப் பிறகு மங்களமாக முடிப்பார்கள். இந்திரன் மனம் இரங்கினான், நாற்பத்தொன்பது பேரையும் தம்பிகள் என்று ஏற்றுக்கொண்டான், படையில் முன்வரிசை கொடுத்தான், வேள்வியில் பங்கு கொடுத்தான் என்று.

மீதிப் பாதி இது.

வெட்டியவனின் கொடியை வெட்டுப்பட்டவர்களே சுமந்தார்கள். பொன்காப்பு போட்டுக்கொண்டு சுமந்தார்கள். கடைசியாகப் பிறந்த இவன் மட்டும் ஒருநாள் கேட்டான்: நம்மை ஏன் வெட்டினாய் என்று இந்திரனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

கேட்கத்தான் வேண்டும் என்றார்கள் எல்லோரும். ஒரு மலை உச்சியில் கூடினார்கள். நாற்பத்தெட்டுப் பேரும் கை தூக்கினார்கள். மூத்தவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கோரிக்கையை நீயே வாசி, உனக்குத்தான் குரல் எடுப்பாக இருக்கிறது, முதல் வரி முடிந்ததும் நாங்கள் எழுந்து நிற்கிறோம் என்றார்கள்.

இந்திரன் சபையில் அவன் முதல் வரியை வாசித்தான். முடித்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

ஒருவரும் எழவில்லை. நாற்பத்தெட்டுப் பேரும் சோமக் கிண்ணத்துக்குள் எதையோ தொலைத்தவர்கள்போலக் குனிந்திருந்தார்கள்.

அவன் கடைசி வரி வரைக்கும் தனியாகவே வாசித்தான்.

இந்திரன் குறுக்கிடாமல் கேட்டான். முடிந்ததும், “நன்றாக வாசிக்கிறாய். உட்கார் தம்பி,” என்றான்.

தம்பி என்ற அந்தச் சொல்லைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. பதில் வரும்வரை இனி எவனுக்காகவும் வீசமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

அவன் நின்றுவிட்டால் மூவுலகமும் ஆடிப்போகும் என்று நினைத்திருந்தான். ஓர் அரச இலைகூட அதைக் கவனிக்கவில்லை. அவன் பங்கையும் சேர்த்து நாற்பத்தெட்டுப் பேரே வீசிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவன் தரிசு நிலங்களில் இருந்தான். அசையாத காற்று என்று ஒன்று கிடையாது. அசையாவிட்டால் அவனே இல்லை. அதனால் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நின்றான். நின்ற இடத்திலேயே சுற்றினால் புழுதி எழும். புழுதி எழுந்தால் ஓர் உடம்பு கிடைக்கும். அதை வீசுவது என்று சொல்ல முடியாது, சபதத்துக்குப் பங்கமில்லை என்று தனக்குத்தானே விளக்கமும் சொல்லிக்கொண்டான்.

பேய்க்காற்று என்று சனங்கள் துப்பினார்கள். துப்பட்டும் என்றிருந்தான். பேச ஆளில்லாததால் தன் கோரிக்கையைத் தனக்கே வாசித்துக்கொண்டான். எத்தனையோ யுகம். அதில் ஒரு சொல்லைக்கூட அவன் மாற்றியதில்லை.

*

இன்று காலை இந்திரனிடமிருந்து ஆள் வந்தது.

மழைக்காலத்து அணிவகுப்பு. மூன்று முறை சங்கு ஊதுவார்கள். மூன்றாம் சங்குக்குள் வந்து வரிசையின் கடைசியில் நின்றால் பழையதெல்லாம் மறக்கப்படும். வராவிட்டால் வரிசை நாற்பத்தெட்டோடு மூடப்படும். முனிவர்கள் நெய் வார்க்கும்போது சொல்லும் பெயர்களில் அவன் பெயர் இராது.

பெயர் சொல்லப்படாத தெய்வங்களை அவன் பார்த்திருக்கிறான். கொஞ்ச காலம் மங்கலாகத் தெரிவார்கள். பிறகு அந்த இடம் சும்மா இருக்கும். ஆகாயத்தில் அப்படிச் சும்மா கிடக்கும் இடங்கள் பல.

தகப்பன் காசியபரிடம் போனான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெட்டியவனும் என் பிள்ளை, வெட்டுப்பட்டவனும் என் பிள்ளை, என்னிடம் நியாயம் கேட்டு வராதே என்றார். நெல்லையும் பதரையும் பிரிக்கத் தெரிந்தவள் ஒருத்தி தெற்கே இருக்கிறாள், சடைச்சி என்று பேர், அவளைப் போய்க் கேள் என்று அனுப்பிவைத்தார்.

பேரைக் கேட்டதும் சடை விரித்துப் புலித்தோலில் உட்கார்ந்திருக்கும் ஒரு தவசியை நினைத்துக்கொண்டு வந்தான். இங்கே இருந்தவளோ முப்பத்தைந்து வயதுக்காரி. தலையில் பழந்துணி சுற்றியிருந்தாள். இமையெல்லாம் தூசி. வயதைப் பார்த்தால் அவன் மலைகளுக்கு மூத்தவன்.

இருந்தாலும் கேட்டுவிட்டான். முழுக்கதையையும் சொன்னான். கோரிக்கையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துக் காட்டினான்.

அவள் அதுவரை சுளகை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முறத்தை அந்தப் பக்கம் சுளகு என்பார்கள்.

“நல்லாத்தான் வாசிக்கறீங்க,” என்றாள்.

அவனுக்குச் சுருக்கென்றது.

“இதையேதான் அவனும் சொன்னான்.”

“அப்ப நெசமாவே நல்லா வாசிச்சிருப்பீங்க.”

*

களத்தின் நடுவே அடித்த நெல் பொலியாகக் குவிந்து கிடந்தது. பதரும் தூசியும் கலந்த குவியல். ஏழு வீட்டு நெல் அது. சாப்பாட்டுக்கும் அதுதான், அடுத்த விதைப்புக்கும் அதுதான். காலையிலிருந்து காற்றில்லை. நாற்பத்தெட்டுப் பேரும் அணிவகுப்புக்குப் போய்விட்டதால் பனையோலைகூட அசையாமல் நின்றது.

கிழக்கே மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. பதரோடு நனைந்தால் மூன்றாம் நாள் பொலி முழுவதும் முளைவிட்டுவிடும். காற்று வராது என்று மற்றவர்கள் மூடுவதற்கு ஓலை கொண்டுவரப் போயிருந்தார்கள். அவள் மட்டும் போகவில்லை.

“என் கேள்விக்குப் பதில்,” என்றான் அவன்.

சடைச்சி எழுந்து ஒரு கல்லின்மேல் ஏறி நின்றாள். சுளகில் நெல்லை அள்ளித் தலைக்குமேல் தூக்கி மெல்லச் சரித்தாள். நெல் இறங்கியது. பதர் கொஞ்சம் தயங்கி, நெல் விழுந்த இடத்திலேயே விழுந்தது.

“இதுல எது நெல்லு சாமி?”

அவன் குனிந்து பார்த்தான். கலந்து கிடந்தது.

“இங்கிருந்து எப்படிச் சொல்ல முடியும்?”

அவள் தலையாட்டினாள். இன்னொரு சுளகு அள்ளினாள். அதுவும் அப்படியே விழுந்தது.

“நான் கேட்டது வேறு,” என்றான் அவன்.

“எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்.”

வடக்கே, வெகுதூரத்தில், முதல் சங்கு ஊதியது. அவளுக்குக் கேட்கவில்லை.

*

அவன் கோபித்தான். வீசச் சொல்கிறாய், புரிகிறது, ஆனால் வீசினால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டான். காற்று எங்கே வீசினாலும் இந்திரன் படையின் பணியாகத்தான் எழுதிக்கொள்வார்கள். இத்தனை யுகம் ஒருவன் தரிசில் கிடந்தது எதற்காக? ஒரு நாள் தளர்ந்தால் அவனுக்கும் கிண்ணத்துக்குள் குனிந்த அந்த நாற்பத்தெட்டுப் பேருக்கும் என்ன வித்தியாசம்?

“வீசினால் அவன் ஜெயித்ததாகிவிடும்,” என்று முடித்தான்.

“யாரு?”

“இந்திரன்.”

சடைச்சி களத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“அவரு இங்க வந்ததில்லியே.”

அதற்குப் பதிலாகச் சொல்ல அவன் கோரிக்கையில் ஒரு வரியும் இல்லை.

உங்கள் பேர் என்ன என்று அவள் கேட்டாள். அவன் நிமிர்ந்து, யாகத்தில் சொல்லும் முழுப்பெயரையும் சொன்னான். ஏழு சொல். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது சொல்லில் நாக்கு பிசகியது. அதோடு விட்டுவிட்டாள்.

“அது யாகசாலைக்கு இருக்கட்டும் சாமி. களத்துல எல்லாக் காத்துக்கும் மச்சான்னுதான் பேரு.”

“என்னது?”

அவள் சொன்னாள். பொலி தூற்றுகிறபோது காற்று விழுந்துவிட்டால் பெண்கள் அதை ஏசிக் கூப்பிடுவார்கள். கெஞ்சினால் வராது. முறைக்காரனை வம்புக்கு இழுப்பதுபோல இழுக்க வேண்டும். அவளுடைய அத்தை ஏசினால் கேட்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்களாம். காற்றும் உடனே வந்துவிடுமாம்.

தேவர்களை அப்படிப் பேசுவது பாவம் என்றான் அவன்.

சடைச்சி நெல்லில் கிடந்த மண்ணைப் பொறுக்கினாள்.

சற்று நேரம் சுழன்றுகொண்டிருந்துவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி அவன் கேட்டான்.

“அப்படி என்னதான் சொல்வார்கள்?”

அவள் சுளகை இடுப்பில் ஊன்றிக்கொண்டு தலையைச் சாய்த்தாள்.

“ஏ மச்சான், பொண்ணு கேட்டு வரப்ப மட்டும் நாலு கால்ல ஓடி வந்தே. பொலி தூத்தக் கூப்பிட்டா முழங்கால் வலிக்குதோ? மூஞ்சியில என்ன அது, மீசையா பதரா? வந்து நில்லு, ஊதிப் பாத்துச் சொல்லுறேன்.”

புழுதி குலுங்கியது. அதன் முகத்திலிருந்து நாலைந்து வைக்கோல் உதிர்ந்தது. தான் சிரித்துவிட்டதை அவன் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தான். கடைசியாக எப்போது சிரித்தோம் என்று யோசித்தான். மலை உச்சியில், நாற்பத்தெட்டுக் கைகள் மேலே போனபோது.

இரண்டாம் சங்கு ஊதியது.

*

“ஒரு சுளகு,” என்றான் அவன். “ஒன்றே ஒன்று. உனக்காக. அவனுக்காக இல்லை.”

அவள் கல்லின்மேல் ஏறினாள்.

அவன் களத்துக்குள் வந்தான். உடம்பை விடாமல், சுழன்றபடியே வந்தான். அவள் சரித்த நெல் அவனுக்குள் விழுந்தது. பதர் பறந்தது. பறந்து அவனையே சுற்றிவிட்டுத் திரும்பிவந்து அவள் கண்ணில் விழுந்தது. நெல் நாலாபக்கமும் சிதறியது. சுத்தமாக இருந்த கொஞ்ச நெல்லிலும் தரிசு நிலத்து மண் போய்க் கலந்தது.

சடைச்சி இறங்கி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இருமினாள். சிதறிய நெல்லைக் கையாலேயே கூட்டிச் சேர்த்தாள்.

“நேரா வீசணும் சாமி.”

“நேராக வீசினால் இந்த உடம்பு விழுந்துவிடும்.”

அவள் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“நீ என்னைப் பார்க்க முடியாது. நான் கேட்பது உன் காதில் விழாது. பிறகு என் பதிலை யாரிடம் சொல்வாய்?”

சடைச்சி திரும்பவும் கல்லின்மேல் ஏறினாள். சுளகை நிறைய அள்ளியிருந்தாள். தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரிக்கவில்லை.

பொழுது பனைத்தலைகளுக்குக் கீழே இறங்கிவிட்டது. மேகம் பாதி வானத்தை மூடியிருந்தது. மண்வாசனை வந்தது.

அங்கிருந்தே அவனுக்கு வரிசை தெரிந்தது. நாற்பத்தெட்டு முதுகு. கடைசியில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவன் அளவுக்கே விட்டிருந்தார்கள். வெறுத்த கூட்டம்தான். ஆனாலும் ஒரே வயிற்றில் கிடந்த கூட்டம்.

இங்கே சடைச்சி தூக்கிய சுளகை இன்னும் இறக்காமல் நின்றாள்.

வழக்கப்படி அவன் கோரிக்கையின் முதல் வரியைச் சொன்னான். வழக்கப்படி பின்னால் திரும்பிப் பார்த்தான்.

பின்னால் வெட்டவெளி.

அவன் சுற்றுவதை நிறுத்தினான்.

புழுதி அப்படியே சரிந்து, யாரோ கழற்றிப் போட்ட வேட்டியைப்போலக் களத்தின் ஓரத்தில் குவிந்தது. சருகுகள் அதன்மேல் விழுந்தன. முகம் என்று எதுவும் இல்லை.

சடைச்சியின் கழுத்து வேர்வை சில்லிட்டது. அவள் சுளகைச் சரித்தாள்.

நெல் அவள் காலடியில் நேராக இறங்கியது. பதர் இறங்கவில்லை. ஒரு மஞ்சள் முந்தானைபோல விரிந்து, களத்தைத் தாண்டி, வரப்பைத் தாண்டிப் போய் விழுந்தது.

அடுத்த சுளகு. அதற்கடுத்தது. அவள் கை வேகம் பிடித்தது. காலடியில் நெல் பொன்னாக ஏறியது. நெல்லின் பக்கத்தில் அவனால் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் பதரோடுதான் அவன் போக வேண்டியிருந்தது. வரப்புவரை போய்விட்டு, திரும்ப முதலிலிருந்து வந்தான்.

மூன்றாம் சங்கு எப்போது ஊதியது என்று அவனுக்குத் தெரியாது. நெல் விழும் சத்தத்தில் கேட்கவில்லை.

*

ஓலைக் கட்டுகளோடு மற்றவர்கள் ஓடிவந்தார்கள். பொலியில் கால்பங்குதான் மீதி இருந்தது. முத்துக்கறுப்பி என்பவள் ஓலையைக் கீழே போட்டுவிட்டு மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தாள். வாடையா, கொண்டலா, எந்தக் காற்று இது, தெரிந்த காற்றாக இல்லையே என்றாள்.

“புதுசு,” என்றாள் சடைச்சி.

முத்துக்கறுப்பி துடைப்பத்தை எடுத்து, களத்தோரம் குவிந்து கிடந்த புழுதியை நெல்லில் சேராதபடி வெளியே தள்ளினாள்.

அவன் அதைப் பார்த்தபடி அந்தப் பக்கமாக வந்தான். சடைச்சியின் காதோரம் வந்ததும், நான் செய்தது சரியா தப்பா என்று மறுபடியும் கேட்டான். அவனுக்கு வாய் இல்லை. அவள் நெற்றியில் இரண்டு மயிர் அசைந்ததோடு சரி. மழையின் முதல் சொட்டு பொலியின்மேல் விழுந்தது.

அவன் வரப்பைத் தாண்டிவிட்டிருந்தான். அதற்கு அப்பால் தரிசு.

சடைச்சி நிறைந்த சுளகைத் தலைக்குமேல் தூக்கினாள்.

“ஏ மச்சான், எங்க போற? இன்னும் கெடக்கு.”